ஆயில் பிரஷர் ஊசி பச்சையில் நின்றால் போதுமா?

கேள்வி: விருதுநகர்க்காரன். விதர்பாவில் ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில் சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) படிக்கிறேன். செஸ்னா 172எஸ், பழைய வட்ட டயல் வைத்தவை இரண்டில் மாற்றி மாற்றிப் பறக்கிறேன். ஒன்றில் க்ரூஸில் (மேலே சீராகப் பறக்கும்போது) ஆயில் பிரஷர் எப்போதும் 78-ஐ ஒட்டி நிற்கும். இன்னொன்றில் போன மாதம்வரை 70 இருந்தது, இப்போது 60. மத்தியான வெயிலில் இறங்கி டாக்ஸி செய்யும்போது 35-க்குப் போய்விடுகிறது. அது கேஜின் பச்சைப் பட்டைக்கு வெளியே. இன்ஸ்ட்ரக்டர் "பறக்கும்போது பச்சையில்தானே இருக்கிறது, விடு" என்கிறார். சீனியர் ஒருவர் "கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகும், இல்லாவிட்டால் ஒரு வாஷர் போடச் சொல்" என்கிறார். ஆயில் 6 குவார்ட்தான் வைக்கிறார்கள், அதனால் குறைகிறதோ என்றும் சந்தேகம். எது நார்மல்? ஆகாயத்தில் ஊசி விழுந்தால் என்ன செய்வது?

பதில்:

தம்பி, முதலில் நேரான பதில். 78 நார்மல். 60-ம் நார்மல். இறங்கிய பிறகு வரும் 35-க்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் 70 காட்டிய விமானம் 60 காட்டத் தொடங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு ஏஎம்இ (விமானப் பராமரிப்பு என்ஜினியர்) நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கும் வரி அதுதான்.

உங்கள் 172எஸ்-இல் இருப்பது லைக்கமிங் ஐஓ-360-எல்2ஏ, 2700 ஆர்பிஎம்-இல் 180 குதிரைத்திறன். அந்த விமானத்தின் பிஓஎச் (பைலட்டுக்கான கையேடு) சொல்லும் எல்லைகள்: கீழே சிவப்புக் கோடு 20 பிஎஸ்ஐ, பச்சை 50 முதல் 90 வரை, மேலே சிவப்புக் கோடு 115. இதில் 20-க்கும் 50-க்கும் நடுவே பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் மாணவர்கள் பயப்படுகிறார்கள். அது என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஊசி வந்து நிற்பதற்காக விட்ட இடம். சூடான என்ஜின் ஐடிலில் (த்ராட்டிலை மூடி மெதுவாக ஓடும்போது) 30, 35 காட்டுவது சர்வசாதாரணம். அதே 35 க்ரூஸில் வந்தால் கதை வேறு. எண் ஒன்றுதான், ஆர்பிஎம் மாறியதும் அதன் பொருளும் மாறிவிடுகிறது.

இதை மனப்பாடம் செய்வதைவிட, பிரஷர் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். என்ஜினின் பின்பக்கம், ஆக்ஸசரி ஹவுசிங்குக்குள், இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கடித்துச் சுற்றும். கிராங்க்‌ஷாஃப்ட் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப ஆயில் போகும். போகிற ஆயில் பேரிங்குகளின் மெல்லிய இடைவெளிகள் வழியாகக் கசிந்து வெளியேற வேண்டும். அந்த இடைவெளிகள் காட்டும் எதிர்ப்பைத்தான் கேஜ் பிரஷராகக் காட்டுகிறது. ஆகவே ஊசியை நான்கு விஷயங்கள் அசைக்கும்: பம்ப் எவ்வளவு தள்ளுகிறது, ஆயில் எவ்வளவு கெட்டி, இடைவெளிகள் எவ்வளவு பெரிது, அப்புறம் ரிலீஃப் வால்வு.

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நின்று போவோம், உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பம்பைப் பெரிதாகத்தான் வைப்பார்கள். தேய்ந்த என்ஜினுக்கும், கொதிக்கும் ஆயிலுக்கும் போதுமான அளவு தள்ள வேண்டுமே. அப்படியானால் நல்ல என்ஜின் 2400 ஆர்பிஎம்-இல் ஓடும்போது பம்ப் தேவைக்கு மேலேயே தள்ளும். அந்த மிச்சத்தைத் திருப்பி அனுப்பத்தான் ரிலீஃப் வால்வு. உங்கள் என்ஜினில் மேல் வலப்பக்கம், ஆக்ஸசரி ஹவுசிங்குக்குச் சற்று முன்னால், கிராங்க்கேஸில் ஒரு மூடி தெரியும். அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் முனையில் ஒரு எஃகு உருண்டை, உருண்டை உட்கார ஒரு இருக்கை. பிரஷர் ஸ்பிரிங்கை மிஞ்சினால் உருண்டை எழும்பும், மிச்ச ஆயில் என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்குப் போய்விடும். குக்கர் வெயிட் செய்கிற வேலைதான். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் உள்ளே பிரஷர் ஒரு அளவுக்கு மேல் ஏறாது.

இதனால் சூடான என்ஜின் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஐடிலில் உருண்டை இருக்கையில் உட்கார்ந்திருக்கும். வால்வுக்கு வேலையே இல்லை. பம்ப் தள்ளுவதும் பேரிங் கசிவதும்தான் கணக்கு. 2400-இல் பம்ப் தள்ளுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் 700-இல் தள்ளும். ஊசி 35-க்கு இறங்குவதில் என்ன ஆச்சரியம்? த்ராட்டிலைக் கூட்டினால் ஊசி ஏறும். ஒரு கட்டத்தில் உருண்டை எழும்பிய பிறகு, ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போனாலும் ஊசி ஏறக்குறைய அங்கேயே நிற்கும். நீங்கள் க்ரூஸில் பார்க்கும் எண் என்ஜினின் உடல்நலம் மட்டுமல்ல, அந்த ஸ்பிரிங் எந்த அளவுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதும்தான். ஒரே மாதிரி இரண்டு 172-இல் ஒன்று 78-ம் மற்றொன்று 70-ம் காட்டுவது பெரும்பாலும் இந்த அமைப்பு வித்தியாசமாகவோ, கேஜ் வித்தியாசமாகவோ இருக்கும். 78 காட்டுவது ஆரோக்கியமான என்ஜின், 70 காட்டுவது நோஞ்சான் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேரிங்கைத் தாங்குவது கேஜில் காட்டும் 60 பிஎஸ்ஐ அல்ல. கிராங்க்‌ஷாஃப்ட் சுற்றும் சுற்றில் ஆயில் ஒரு ஆப்பு போல உள்ளே இழுக்கப்பட்டு, தன்னாலேயே ஒரு படலமாகிறது. அந்தப் படலத்துக்குள் இருக்கும் அழுத்தம் கேஜ் காட்டுவதைவிடப் பல மடங்கு. கேஜில் தெரிவது, படலத்துக்கு ஆயில் வந்துகொண்டே இருக்கிறதா என்பதற்கான சாட்சி. ஐடிலில் சுமையும் குறைவு, தேவையும் குறைவு. அதனால்தான் அங்கே 25, 30 போதுகிறது.

அடுத்தது சூடு. விதர்பாவில் மே மாதம் நிழலிலேயே 43, 44 டிகிரி போகும். விமானத்தை ஏப்ரனில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு ஏறினால் சம்ப்பில் இருக்கும் ஆயிலே இளஞ்சூடாகத்தான் இருக்கும். உங்கள் ஆயில் டெம்ப்பரேச்சர் கேஜில் பச்சை 100 முதல் 245 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, 245 சிவப்பு. ஆயில் சுமார் 185 டிகிரியைத் தொட்டதும் வெர்னாதெர்ம் என்ற சின்னத் தெர்மோஸ்டாட் வழியை அடைத்து, ஆயிலைக் கூலருக்குள் கட்டாயமாக அனுப்பும். குளிர்காலக் காலையில் 185-இல் நிற்கும் ஊசி, மே மாதச் சர்க்யூட்டில் 220 வரை போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் ஆயில் இளகிவிடும், இளகிய ஆயில் இடைவெளிகளில் சுலபமாக வழியும், பிரஷர் குறையும். வால்வு வேலை செய்யும் க்ரூஸில்கூடச் சில பிஎஸ்ஐ குறையத்தான் செய்யும். ஐடிலிலோ அந்தக் குறைவு நன்றாகவே தெரியும்.

அதனால் பிரஷரை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். ஆர்பிஎம், ஆயில் டெம்ப்பரேச்சர், பிரஷர் மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். போன மாதம் காலை 7 மணிச் சார்ட்டியில் (ஒருமுறை ஏறி இறங்கும் பயிற்சியில்) 190 டிகிரியில் 70 காட்டியதையும், இந்த மாதம் மூன்று மணி வெயிலில் 225 டிகிரியில் 60 காட்டியதையும் ஒப்பிட்டால் அது ஒப்பீடே அல்ல. அதே 2400 ஆர்பிஎம், அதே 195 அல்லது 200 டிகிரி வரும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அப்போதும் 70-க்குப் பதில் 60 என்றால், அது வெயில் செய்த வேலை இல்லை.

கேஜ் சின்னது என்பதையும் மறக்க வேண்டாம். ஊசியின் தடிமனே இரண்டு மூன்று பிஎஸ்ஐ-ஐ விழுங்கிவிடும். அது இடப்பக்கம் கீழே இருக்கிறது. வலது சீட்டிலிருந்து உங்கள் இன்ஸ்ட்ரக்டர் பார்க்கும் எண்ணும் நீங்கள் நேராகப் பார்க்கும் எண்ணும் ஒன்றாக இருக்காது. 10 பிஎஸ்ஐ குறைந்ததா என்பதை ஒரே ஆள், ஒரே சீட்டிலிருந்து பார்த்துச் சொன்னால்தான் மதிப்பு.

சரி, அந்த இரண்டாவது விமானத்துக்கு வருவோம். உங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொன்னது தவறு என்று சொல்ல மாட்டேன். பச்சையில் இருக்கிறது, விமானம் பறக்கத் தகுதியானது, பிஓஎச் படி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பச்சை என்பது அந்த மாடலில் வரும் எல்லா என்ஜினுக்கும் சேர்த்துப் போட்ட கோடு. ஒவ்வொரு என்ஜினுக்கும் தன் சொந்தப் பழக்கம் ஒன்று உண்டு. 70-இல் நின்றே பழகியது 60-க்கு வந்தால், கோட்டுக்குள்ளேயே ஏதோ நகர்ந்திருக்கிறது. அது 49 ஆகும்வரை காத்திருப்பதில் லாபம் யாருக்கு?

நீங்கள் ஸ்னாக் (குறைப் பதிவு) எழுதினால் ஹேங்கரில் என்ன நடக்கும்? நல்ல ஏஎம்இ முதலில் என்ஜினைத் தொட மாட்டார், கேஜைச் சந்தேகப்படுவார். உங்கள் விமானத்தில் கேஜுக்கு ஆயில் நேராக வருவதில்லை. என்ஜினில் சென்டர் என்ற ஒரு சின்ன உணரி பிரஷரை மின்சாரமாக மாற்றி அனுப்புகிறது. அந்த சென்டர்கள் கெட்டுப்போவது வாடிக்கை. கனெக்டர் முனையில் லேசாகத் துரு பிடித்தாலே ஊசி பொய் சொல்லும். அளவு சரிபார்த்த மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை என்ஜினோடு இணைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். அது 71 காட்டி, காக்பிட் 60 காட்டினால் சென்டரை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். இப்படி முடிந்துபோன ஸ்னாக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காக "சென்டராகத்தான் இருக்கும்" என்று அளக்காமலே எழுதிவிடும் ஏஎம்இ-ஐ எனக்குப் பிடிக்காது.

இரண்டும் 60 என்றால் வேலை ஆரம்பம். கடைசி ஆயில் மாற்றத்தில் என்ன கிரேடு ஊற்றினார்கள் என்று லாக் புக்கைப் புரட்ட வேண்டும். டபிள்யூ100 ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் டபிள்யூ80 போயிருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிடும். முன்னது கெட்டியான எஸ்ஏஇ 50, பின்னது அதைவிட இளகிய எஸ்ஏஇ 40. அடுத்து ஃபில்டர். அதைக் கழற்றி, தகரத்தை வட்டமாக வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்போம். கறுப்புத் துகள் கார்பன். விரலில் தேய்த்தால் பொடியாகும், அதில் பயமில்லை. காந்தத்தில் ஒட்டினால் எஃகு. ஒட்டாமல் மினுக்கினால் அலுமினியமாகவோ பேரிங் உலோகமாகவோ இருக்கலாம். அப்போது ஹேங்கரில் பேச்சு நின்றுவிடும். சம்ப்பில் இருக்கும் சக்ஷன் ஸ்கிரீனையும் கழற்றிப் பார்ப்பார்கள். பெரிய துண்டுகள் பம்புக்கு முன்னால் அங்கேதான் சிக்கும்.

ஃபில்டர் சுத்தம் என்றால் அந்த ரிலீஃப் வால்வு. மூடியைத் திருகி எடுத்தால் ஸ்பிரிங்கும் உருண்டையும் கையில் வந்துவிடும். உருண்டையைத் துடைத்துப் பார்த்தால் அது இருக்கையில் உட்காரும் இடத்தில் மெல்லிய வளையம் தெரியும். வளையம் முழுவதும் ஒரே அகலத்தில் இருந்தால் நல்லது. ஓரிடத்தில் அறுந்திருந்தால் அங்கே உருண்டை சரியாக உட்காரவில்லை, ஆயில் கசிந்திருக்கிறது. மிளகில் பாதிகூட இல்லாத ஒரு கார்பன் துணுக்கு அங்கே மாட்டிக்கொண்டாலே ஊசி இறங்கிவிடும். ஃபில்டரைத் தாண்டித்தானே வால்வு, துணுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஆயில் ரொம்பக் கெட்டியாக இருக்கும் குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஃபில்டர் வழிவிடவில்லை என்றால் பைபாஸ் திறந்துகொள்ளும். வடிகட்டாத ஆயில் அப்படியே போய்விடும். ஸ்டார்ட் ஆனதும் த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள் என்று உங்களிடம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் க்ரூஸ் எண்ணையும் ஐடில் எண்ணையும் சேர்த்துப் பார்ப்பதன் பயன். க்ரூஸில் மட்டும் குறைந்து, ஐடில் பழையபடியே இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது அதன் அமைப்பு மாறியிருக்கலாம். ஐடிலில் மட்டும், அதுவும் சூட்டில் மட்டும், நாளாக நாளாகக் குறைந்துகொண்டே வந்தால் இடைவெளிகள் பெருகுகின்றன என்று யோசிக்க வேண்டும். ஓவர்ஹாலை நெருங்கும் என்ஜின் அப்படித்தான் பேசும். இரண்டும் சேர்ந்து சட்டென்று இறங்கினால் உருண்டையின் கீழே ஏதாவது சிக்கியிருக்கிறதா, பம்ப் காற்றை உறிஞ்சுகிறதா என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் க்ரூஸ் 70-இலிருந்து 60 ஆனது தெரிகிறது. அதே விமானத்தில் போன மாதம் ஐடில் எவ்வளவு இருந்தது என்று எழுதவில்லை. குறித்து வைத்திருந்தால் உங்கள் ஏஎம்இ-யிடம் சொல்லுங்கள், அவருக்குப் பாதி நாள் மிச்சமாகும்.

உங்கள் சீனியரின் வைத்தியத்துக்கு வருகிறேன். வாஷர் என்று அவர் சொன்னது கற்பனை இல்லை. அமைப்பை மாற்றும் திருகு இல்லாத ரிலீஃப் வால்வுகளில், மூடிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வாஷர் போட்டு ஸ்பிரிங்கை இறுக்கலாம். லைக்கமிங் அதற்கு ஒரு உச்ச எண்ணிக்கையும் கொடுத்திருக்கிறது. அது ஓவர்ஹால் முடிந்து வந்த என்ஜினை அளவுக்குக் கொண்டுவரச் செய்யும் வேலை. போன மாதம்வரை ஒழுங்காக இருந்த என்ஜின் இப்போது இறங்கியிருக்கிறது என்றால், காரணத்தைத் தேடாமல் வாஷர் போடுவது காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உதறி வைப்பது மாதிரி. அப்புறம், ஐடிலில் உருண்டை உட்கார்ந்துதானே இருக்கிறது? எத்தனை வாஷர் போட்டாலும் அந்த 35 அசையாது.

கெட்டி ஆயிலும் அப்படித்தான். 172எஸ் பிஓஎச்-இலேயே 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் எஸ்ஏஇ 60 ஊற்ற அனுமதி உண்டு, அதாவது டபிள்யூ120. விதர்பா மே மாதத்துக்கு அது தப்பில்லை. 15டபிள்யூ-50 ஊற்றினால் குளிரிலும் சூட்டிலும் இரண்டுக்கும் ஆகும். 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மை டபிள்யூ100-க்கு ஏறக்குறைய சமம், அதனால் சூட்டு ஐடிலில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். எந்த கிரேடு என்பதை ஊரின் தட்பவெப்பத்தைப் பார்த்து ஏஎம்இ முடிவு செய்யட்டும். ஆனால் ஊசி இறங்கியதற்கு மருந்தாகக் கெட்டி ஆயில் ஊற்றினால், ஊசி ஏறும், கேள்வி மட்டும் அப்படியே உள்ளே கிடக்கும்.

6 குவார்ட் பற்றிய சந்தேகம் பலருக்கும் உண்டு. உங்கள் சம்ப்பின் கொள்ளளவு 8 குவார்ட், 5-க்குக் கீழே ஓட்டவே கூடாது. பம்பின் உறிஞ்சு வாய் ஆயிலில் மூழ்கியிருக்கும்வரை, அளவு 6 ஆனாலும் 8 ஆனாலும் பிரஷர் ஒன்றுதான். 6-ஐ 8 ஆக்கினால் 60 என்பது 70 ஆகாது. குறைவான ஆயில் சீக்கிரம் சூடாகும், அந்த வழியாகக் கொஞ்சம் பிரஷர் குறையலாம், அவ்வளவே. பல ஸ்கூல்களில் 8 வரை நிரப்பாததற்குக் காரணம், மேலே இருக்கும் அந்தக் கடைசிக் குவார்ட்டை என்ஜின் ப்ரீதர் என்ற காற்றுப்போக்கிக் குழாய் வழியாக விமானத்தின் வயிற்றில் துப்பிவிடும் என்பதுதான். நீண்ட க்ராஸ்-கன்ட்ரி போகும்போது மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். உண்மையிலேயே ஆயில் தீர்ந்து பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கினால் ஊசி மெல்ல இறங்காது, ஆடும். திருப்பத்தில் விழும், நேரானதும் எழும். அப்படி ஆடும் ஊசி, நிலையாக நிற்கும் குறைந்த ஊசியைவிட ஆபத்தானது.

ஆகாயத்தில் விழுந்தால்? முதல் வேலை, பக்கத்தில் இருக்கும் ஆயில் டெம்ப்பரேச்சரைப் பார்ப்பது. இரண்டாவது, சிவப்பு ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. வட்ட டயல் 172எஸ்-இல் அந்த விளக்கை இயக்குவது தனி ஸ்விட்ச். கேஜுக்காகப் பிரஷரை அளக்கும் சென்டர் வேறு. அதாவது உங்களிடம் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். ஊசி பூஜ்யத்தில் படுத்துவிட்டது, ஆனால் விளக்கு எரியவில்லை, டெம்ப்பரேச்சர் அசையவில்லை, என்ஜின் சத்தத்தில் மாற்றமில்லை என்றால் பெரும்பாலும் பொய் சொல்வது கேஜ். அதற்காக க்ராஸ்-கன்ட்ரியைத் தொடராதீர்கள். பக்கத்து ஏரோடிரோமில் இறங்கிப் பார்க்கச் சொல்கிறது பிஓஎச். நானும் அதையே சொல்வேன். போகிற வழியில் கீழே இறங்கத் தோதான நிலங்களை ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துக்கொண்டே போங்கள்.

விளக்கும் எரிகிறது, டெம்ப்பரேச்சரும் ஏறுகிறது என்றால் விவாதம் முடிந்தது. என்ஜின் நின்றுவிடப்போகிறது என்று வைத்துக்கொண்டு பறக்க வேண்டும். பவரைக் குறையுங்கள், இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அந்த இடத்தைத் தொடுவதற்கு எவ்வளவு குறைந்த பவர் வேண்டுமோ அவ்வளவு மட்டும். நின்றே போய்விட்டால் 172எஸ்-க்கு கிளைடு ஸ்பீடு 68 நாட், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு எச்சரிக்கை: ஆயில் மொத்தமும் போய்விட்டால் டெம்ப்பரேச்சர் ஏறாமலும் போகலாம், ஏனென்றால் அளக்க அங்கே ஆயிலே இல்லை. விண்ட்ஷீல்டில் ஆயில் தெறித்திருந்தாலோ, எரிந்த வாடை வந்தாலோ டெம்ப்பரேச்சருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆயில் பிரஷர் விழுவது என்றால் எனக்கு எப்போதும் 1935 மே மாதம் டாஸ்மன் கடலுக்கு மேலே நடந்தது நினைவுக்கு வரும். ஆஸ்திரேலிய விமானி சார்ல்ஸ் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் தன் மூன்று என்ஜின் ஃபாக்கர், 'சதர்ன் கிராஸ்', ஓட்டிக்கொண்டு சிட்னியிலிருந்து நியூசிலாந்துக்குப் போகிறார். நடு என்ஜினின் எக்ஸாஸ்ட் துண்டு உடைந்து வலப்பக்க ப்ரொப்பெல்லரை முறித்துவிட, அந்த என்ஜினை நிறுத்த வேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது இடப்பக்க என்ஜின் ஆயிலைக் குடித்துக் குடித்து அதன் பிரஷர் விழத் தொடங்கியது. கூட இருந்த பி. ஜி. டெய்லர் காற்றில் வெளியே ஏறி, இறக்கையின் தாங்குகம்பியில் ஊர்ந்துபோய், நின்றுபோன என்ஜினிலிருந்து ஆயிலைத் தெர்மாஸ் ஃபிளாஸ்கில் பிடித்துவந்து, மறுபக்கம் ஊர்ந்துபோய் ஓடும் என்ஜினில் ஊற்றினார். ஒருமுறை அல்ல, ஆறு முறை. விமானம் சிட்னி வந்து சேர்ந்தது. டெய்லருக்குப் பின்னாளில் ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. 172-இல் உங்களுக்கு அந்த வசதி இல்லை.

ஸ்டார்ட் ஆனதும் எவ்வளவு நேரத்தில் ஊசி எழ வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சாதாரண வெப்பநிலையில் 30 வினாடிக்குள். எழவில்லை என்றால் என்ஜினை நிறுத்துங்கள், இன்னொருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். கடுங்குளிரில் 60 வினாடி என்பது விதர்பாவுக்குப் பொருந்தாது. டிசம்பர் அதிகாலையில் ஊசி 100-ஐத் தாண்டி நின்றால் பதற வேண்டாம். ஆயில் சூடாகச் சூடாக இறங்கிவிடும், 115-ஐத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். நன்றாகச் சூடான பிறகும் 90-க்கு மேலேயே நின்றால் அதையும் எழுதுங்கள். குறைந்த பிரஷரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் கூடின பிரஷரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள்.

நாளை வேறு விமானத்துக்கு மாறினால் இந்த எண்களை மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். செஸ்னா 150-இல் இருக்கும் கான்டினென்டல் ஓ-200-க்குப் பச்சையே 30 முதல் 60 வரைதான், ஐடிலில் 10 போதும். அங்கே 40 பார்த்துவிட்டு மே டே சொன்னால் சிரிப்பார்கள். ரோட்டாக்ஸ் 912 பிஎஸ்ஐ-இல் பேசாது, பாரில் பேசும்: 3500 ஆர்பிஎம்-க்கு மேல் 2 முதல் 5 பார், அதற்குக் கீழே குறைந்தது 0.8. எந்த என்ஜினாக இருந்தாலும் அதன் பிஓஎச்-தான் உங்களுக்கு வேதம். என் பதில் கூட இல்லை.

இப்போது அந்த ஸ்னாக். "ஆயில் பிரஷர் லோ" என்று மட்டும் டெக் லாக்கில் (விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில்) எழுதாதீர்கள். தரையில் ஓட்டிப் பார்ப்பார்கள், 62 காட்டும், "கிரவுண்ட் ரன் செய்தோம், நார்மல்" என்று கையெழுத்துப் போட்டு விமானத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: "2400 ஆர்பிஎம், 3000 அடி, ஆயில் டெம்ப் 200, பிரஷர் 60. போன மாதம் இதே நிலையில் 70. இறங்கிய பின் 800 ஆர்பிஎம்-இல் 35, ஆயில் டெம்ப் 215, வெளியே 43 டிகிரி. ஊசி ஆடவில்லை, விளக்கு எரியவில்லை." நான்கு வரிதான். அடுத்த 50 மணி நேர ஆயில் மாற்றம் இன்னும் தூரத்தில் இருந்தாலும், இதைப் படிக்கும் ஏஎம்இ ஃபில்டரை இப்போதே வெட்டிப் பார்க்கலாமா என்று யோசிப்பார். எழுதும் முன் உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவரைத் தாண்டிப் போய் எழுதியதாக இருக்க வேண்டாம். அவர் வேண்டாம் என்றால், அடுத்த சார்ட்டியில் அவரையே இடது சீட்டில் உட்கார வைத்து, அதே 2400-இல், அதே 200 டிகிரியில் ஊசியைப் படிக்கச் சொல்லுங்கள்.